விந்து முன்பு போலவே வருகிறது, ஆபரேஷன் தோல்வியா?

கேள்வி: எனக்கு 36 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். இரண்டு பெண் குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். மனைவிக்கு ரத்தசோகை இருப்பதால் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று நானே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். ஐந்து வாரம் ஆகிறது. உறவின்போது விந்து முன்பு போலவே வருகிறது. அப்படியானால் ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையா? பழைய வேகம் குறைந்த மாதிரியும் தோன்றுகிறது. நண்பர் ஒரு வைத்தியரிடம் 48 நாள் லேகியம் வாங்கச் சொல்கிறார். நாளை குழந்தை வேண்டும் என்றால் குழாயைத் திரும்ப இணைக்க முடியுமா?

பதில்: விந்து வருவது நல்ல சேதிதான். வராமல் போயிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

விந்து வேறு, விந்தணு வேறு. வெளியே வரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவது. விரையிலிருந்து வரும் அணுக்களின் பங்கு 100-ல் ஐந்துகூடத் தேறாது. உங்களுக்கு அடைத்தது அந்த அணுக்கள் ஏறி வரும் மெல்லிய குழாயை மட்டும். அதனால் அளவு, நிறம், கெட்டித்தன்மை எதிலும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. விரையில் தினமும் உருவாகும் அணுக்கள் எங்கே போகும் என்று அடுத்து கேட்பீர்கள். உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். தேங்கி வெடித்துவிடாது (இதையும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்).

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி குறைகிறது. இந்த ஐந்து வாரமும் ஆணுறை போட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரியிலிருந்து போடுங்கள். மனைவிக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

காரணம் எளிது. மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் நின்ற தண்ணீர் கொஞ்ச நேரம் தொட்டியில் விழும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். அடைத்த இடத்துக்கு மேலே ஏற்கெனவே ஏறிவிட்ட அணுக்கள் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து, அணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் ஆபரேஷன் முடிந்தது என்று அர்த்தம்.

இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் அது அச்சாகியிருக்கிறது: மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு வராவிட்டால் பின்விளைவுக்கு நீங்களே பொறுப்பு. கருத்தடைச் சான்றிதழும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான் தர வேண்டும் என்பது விதி. ஆனால் படிவத்தை யார் படிக்கவிட்டார்கள்? "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள், நாமும் போட்டுவிடுவோம். ஊக்கத்தொகையின் அமைப்பைப் பாருங்கள். 2007-ல் மத்திய அரசு நிர்ணயித்தபடி செய்துகொள்பவருக்கு 1,100 ரூபாய், அழைத்து வருபவருக்கு 200. அதே ஆளை மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குக் கூட்டி வருபவருக்கு ஒன்றும் கிடையாது. அப்புறம் எவன் கூட்டி வருவான்? நவம்பர் கடைசியில் ஆண்கள் கருத்தடை இருவார விழா என்று பேனர் கட்டுகிறோம். பிப்ரவரி கடைசியில் பரிசோதனை வாரம் என்று ஒரு பேனரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதனால் என்ன ஆகும் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். ஆபரேஷன் முடிந்த இரண்டாவது மாதம் மனைவி கர்ப்பம். அழைத்துப் போன தரகர், "மறுநாளிலிருந்து பயமில்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பி வீட்டில் பஞ்சாயத்து நடந்து, அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் என் மேஜையில் வைத்த பிளாஸ்டிக் கவரில் ஆபரேஷன் சீட்டு இருந்தது, ஊக்கத்தொகை ரசீது இருந்தது, ஸ்கேன் படம்கூட இருந்தது. விந்துப் பரிசோதனை அறிக்கை மட்டும் இல்லை. அன்றே எடுக்கச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தன. அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகும், ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்குக் குழாய் தானாக ஒட்டிக்கொள்ளலாம். ஒரு வருடத்திலும் நடக்கலாம், பல வருடம் கழித்தும் நடக்கலாம். மிக அபூர்வம்தான். ஆனால் அந்த ஒருவர் நீங்களாக இருந்தால்? வெட்டிய முனைகளுக்கு நடுவே நுண்ணிய வழி ஒன்று உண்டாகும். வலிக்காது, வீங்காது, வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் தெரிவது மனைவி கர்ப்பமாக இருப்பதுதான். அப்படி நேர்ந்தால் வாயைத் திறப்பதற்கு முன் விந்துப் பரிசோதனைக்குப் போங்கள். சந்தேகத்தை மனைவி மேல் போடுவதற்கு முன், அம்மாவிடம் சொல்வதற்கு முன். தோல்வியடைந்த கருத்தடைக்கு அரசு இழப்பீடு உண்டு. தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் சண்டை போட்டே அந்த 90 நாளைக் கடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு பழைய அறிக்கையைக் கேட்பார்கள். அதை எடுக்காமல் விட்டிருந்தால் "நீங்களே பொறுப்பு" என்ற அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஆண் ஹார்மோன் விரையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அது அடைபட்ட குழாய் வழியாகப் போவதே இல்லை. ஆகவே விறைப்பு, ஆசை, உச்சம், மீசை, தாடி, தறி ஓட்டும் பலம் எதற்கும் இந்த ஆபரேஷனோடு சம்பந்தம் கிடையாது. முதல் சில வாரம் விதைப்பையில் கனம், லேசான இழுப்பு, வெட்டிய இடத்தில் பட்டாணி போல ஒரு கட்டி இதெல்லாம் இருக்கலாம். முதல் ஓரிரு தடவை விந்தில் ரத்தச் சாயம் தெரியலாம். அடங்கிவிடும். 100 பேரில் ஓரிருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கும், அவர்கள் யூராலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வீங்கிச் சிவந்தால் உடனே போக வேண்டும். உங்களுக்கு நடப்பது வேறு. ஒவ்வொரு தடவையும் "வருமா, வராதா, எவ்வளவு வருகிறது" என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். அப்படிப் பார்த்தால் ஆபரேஷன் ஆகாதவனுக்கும் வேகம் குறையும்.

இந்தப் பயம் உங்களோடு பிறந்ததும் இல்லை. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 என்ற ஒரே வருடத்தில் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி, இதைச் செய்தார்கள். அந்தக் கோபம் "ஆம்பளைத்தனம் போயிடும்" என்ற பேச்சாக மிஞ்சி நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தம்பதிகளில் 100-க்கு கிட்டத்தட்ட 38 பேர் பெண் கருத்தடையை நம்பியிருந்தார்கள். ஆண் கருத்தடை வெறும் 0.3. வயிற்றைத் திறக்கும் பெரிய ஆபரேஷனைப் பெண் தாங்குவாளாம், சிறு துளையில் தையல்கூட இல்லாமல் 20 நிமிடத்தில் முடிவதை ஆண் தாங்கமாட்டானாம்! உங்கள் முடிவை மெச்சுகிறேன்.

அந்த வைத்தியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? 5-ஆம் தேதி ஈரோடு, 6-ஆம் தேதி சேலம், 7-ஆம் தேதி நாமக்கல் என்று லாட்ஜ் அறை எண்ணோடு விளம்பரம் கொடுப்பவரா? இந்த ஆட்களுக்கு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர் என்றால் தேன் குடித்த மாதிரி. "நரம்பை அறுத்துவிட்டார்கள், தாது வற்றிவிடும்" என்பார்கள். அறுத்தது நரம்பே கிடையாது. 48 நாளில் எப்படியும் சரியாகிற பயத்துக்கு 48 நாள் மருந்து, எவ்வளவு பொருத்தமான கணக்கு பாருங்கள். சில லேகியங்களில் விறைப்பு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும். வாங்காதீர்கள்.

குழாயைத் திரும்ப இணைக்க முடியும், ஆனால் நம்பி இறங்க வேண்டாம். 1991-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்று வருடத்துக்குள் இணைத்தவர்களில் 97 சதவீதத்தினருக்கு அணு திரும்ப வந்தது, 76 சதவீதத்தினருக்குக் கர்ப்பம் தரித்தது. 15 வருடம் கடந்தவர்களுக்கு அது 71, 30 என்று இறங்கியது. மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் நுண்ணிய வேலை இது. தேவைப்பட்டால் முதலில் அரசு மருத்துவக் கல்லூரியின் யூராலஜி பிரிவில் கேளுங்கள். நேராகக் கருத்தரிப்பு மையத்துக்குக் கூட்டிப் போகும் ஏஜென்ட், இணைப்பு என்ற வார்த்தையையே உச்சரிக்க மாட்டார். ஊசி வைத்து விரையிலிருந்து அணுவை எடுத்து செயற்கைக் கருத்தரிப்பு செய்வதில்தான் அவருக்குக் கமிஷன்.

உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் பாக்கி. அதற்குள் 20 தடவையாவது விந்து வெளியேறியிருந்தால் நல்லது. பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஆய்வகம் தரும் டப்பாவில் மட்டும் எடுங்கள். ஆணுறையில் எடுத்துக் கொண்டுவர வேண்டாம். முழுவதும் டப்பாவில் விழ வேண்டும், எடுத்த நேரத்தை மூடியில் எழுதி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் "இங்கே பார்க்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினால், எங்கே பார்ப்பார்கள் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அறிக்கையில் அணு இருந்தால் பதறாதீர்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுங்கள். அணு இல்லை என்று அறிக்கை வரும்வரை ஆணுறையை விடாதீர்கள்.