பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இலங்கை என்று இருந்தால் ஈடிஏ கிடைக்குமா? ஏஜென்ட் வேண்டுமா?

கேட்டவர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவருடைய அம்மா இலங்கையில் பிறந்து, சின்ன வயதில் தாயகம் திரும்பியவர். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. பிறந்த இடம் இலங்கை என்று அதில் இருப்பதால், இலங்கைக்குப் போகத் தேவையான ஈடிஏ, அதாவது மின்னணுப் பயண அனுமதி, மறுக்கப்படுமோ என்ற பயம். ஏஜென்ட் வழியாகப் போவதுதான் பாதுகாப்பா என்றும் கேட்டிருக்கிறார்.

கிடைக்கும். ஏஜென்ட் தேவையில்லை. 2023 பிப்ரவரியில் என் அம்மாவுக்கு நானே எடுத்தேன். அம்மாவும் உங்கள் அம்மா மாதிரிதான். 1963இல் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்களில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அந்தக் கணக்கில் இந்தப் பக்கம் வந்தவர் என் தாத்தா. 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1984இல் அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகம் ஆயின. கொழுந்து பறித்த குடும்பம் இங்கே ரப்பர் பால் வெட்டப் பழகியது. பத்து வயதில் வந்த அம்மா, ஓய்வு பெறும் வரை விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார். பிறந்த லயத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட் எடுத்ததும் முதலில் நானும் ஏஜென்டிடம்தான் போனேன். இங்கே வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு கிடையாது, எல்லா விசாவும் ஏஜென்ட் வழிதான் வரும். சிங்கப்பூர் விசாவுக்கு இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்தப் பழக்கத்தில் இலங்கைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அவர் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டார், மறுநாள் வாட்ஸ்ஆப்பில் அனுமதித் தாளை அனுப்பினார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இரண்டு தப்பு கண்ணில் பட்டது. அம்மா பெயர் ராமாயி. பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு ‘ஈ’ இருக்கிறது, அவர் அடித்தது ஒரே ஒரு ‘ஐ’. அது கவனக்குறைவு என்று விடலாம். இரண்டாவது தப்பை அவர் தெரிந்தே செய்திருந்தார். பிறந்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "இலங்கைன்னு போட்டா கேள்வி கேப்பாங்க, அதான் மாத்தி போட்டேன்" என்றார், ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாஸ்போர்ட்டில் தலவாக்கலை என்று அச்சாகி இருக்கிறது. அனுமதித் தாளில் வேறு நாடு இருந்தால், விமான நிலையத்துக் கவுண்டரில் பதில் சொல்ல வேண்டியது அவர் இல்லை, அறுபது வயது அம்மா. உண்மையைச் சொன்னால் எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு இடத்தில், ஒருத்தர் பயத்தால் பொய்யாகிவிட்டது. அந்தத் தாளைத் தூரப் போட்டுவிட்டு, மறுபடி பணம் கட்டிப் புதிதாக நானே விண்ணப்பித்தேன்.

இலங்கையின் ஈடிஏ 2012 ஜனவரியில் வந்தது. அரசுத் தளத்தின் முகவரி ஈடிஏ டாட் ஜிஓவி டாட் எல்கே. முகவரியை நீங்களே கையால் அடியுங்கள். கூகிளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் கொடியும் சின்னமும் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும், அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். சிலது உங்கள் விவரத்தை வாங்கி, அதே அரசுத் தளத்தில்தான் போட்டுக் கொடுக்கும். முகவரியின் கடைசியில் ஜிஓவி, எல்கே இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தபிறகு பாஸ்போர்ட்டை எடுங்கள்.

படிவம் ஒரு பக்கம்தான், ஆனால் பெயரில்தான் நம்ம ஆட்கள் மாட்டுவார்கள். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். குடும்பப் பெயர், கொடுக்கப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்டால் முழிக்கிறோம். அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகவே இருக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் வாசிப்பது அந்த வரிகளைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து என்ன எழுத்து, எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். வீட்டில் எப்படி எழுதுகிறோம், ஆதாரில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. விமான டிக்கெட்டிலும் இதே எழுத்துகள்தான் வர வேண்டும். இனிஷியலை விரிப்பது, அப்பா பெயரைத் தானாகச் சேர்ப்பது, எதுவும் வேண்டாம்.

ஒற்றைப் பெயர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. அப்புறம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இலங்கைக்கு எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கும்.

பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமா, ‘ஓ’வா என்ற குழப்பமும் வரும். நம்முடையது ஒரு எழுத்து, அதற்கப்புறம் ஏழு எண்கள். முதலில் இருப்பது தவிர மற்றதெல்லாம் எண்தான். பிறந்த தேதியில் அம்மாவுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையில் வயது மட்டும்தான், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டிலும் ஜூன் 1 தான், அதனால் படிவத்திலும் ஜூன் 1.

அடுத்து பிறந்த நாடு. என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நாடுகளின் பட்டியலை நான் கீழே இறக்கிக்கொண்டே போனேன். "சிலோன்னு இல்லையா தம்பி?" என்றார். 1972லேயே பெயர் மாறிவிட்டது, அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் வாயில் சிலோன்தான். ஸ்ரீலங்காவைக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே, "இத போட்டா, நீ எங்க ஊரு ஆளு, இங்கேயே இருன்னு சொல்லிருவாங்களா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை தாளில் எழுதின எழுத்தால் நாடு மாறிய குடும்பம் எங்களுடையது. "அம்மா, பாஸ்போர்ட்டுல குடியுரிமை இந்தியன்னு இருக்கு. பிறந்த இடம் வேற, குடியுரிமை வேற" என்று சொல்லி, அதை அவருக்குத் தொட்டுக் காட்டினேன். அப்புறம்தான் தலையாட்டினார்.

குடியுரிமை இந்தியா, பிறந்த நாடு இலங்கை. இந்த இரண்டையும் அப்படியே உண்மையாகப் போடுங்கள். பிறந்த நாடு இலங்கை என்பதற்காக எங்களிடம் கூடுதல் தாள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் அம்மாவின் பழைய குடும்ப அட்டை, தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் எல்லாம் புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது உதவியிருக்கும். ஈடிஏக்கு அது எதையும் இணைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அகதி முகாமில் இருந்து, இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுடைய வழி வேறு, அதை முகாம் அதிகாரிகளிடமும் இலங்கைத் துணைத் தூதரகத்திடமும்தான் கேட்க வேண்டும்.

மீதிக் கட்டங்கள் சுலபம். போகும் தேதி, நோக்கம், அங்கே தங்கும் முகவரி, மின்னஞ்சல். ஹட்டனில் பதிவு செய்திருந்த தங்கும் விடுதியின் முகவரியைக் கொடுத்தோம். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், ஏஜென்டுடையதைக் கொடுத்தால் பதில் அவருக்குத்தான் போகும்.

பணம் கட்டும் இடத்தில் கார்டு இரண்டு முறை நின்றது. கார்டில் கோளாறு ஒன்றும் இல்லை. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாம்தான் திறந்துவிட வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போய் அதைத் திறந்தேன், பணம் கட்டியதும் திரும்ப மூடிவிட்டேன். அப்போது இந்தியா உள்ளிட்ட தெற்காசிய சார்க் நாட்டவருக்கு 20 டாலர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அரை மணி நேரத்தில் அனுமதி மின்னஞ்சலில் வந்துவிட்டது. 30 நாள் தங்கலாம், இரண்டு முறை உள்ளே போகலாம் என்று இருந்தது.

கட்டண விஷயத்தில் நான் சொன்ன தொகையை நம்பி இருக்காதீர்கள். அதே வருஷம் நவம்பரில் இந்தியர்கள் உள்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணத்தை ரத்து செய்தார்கள், ஆனால் இலவசம் என்றாலும் முன்கூட்டியே ஈடிஏ எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் விசா வேலையை வெளிநாட்டுத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் கொடுத்தார்கள். கட்டணம் ஏறி, அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பி, உச்ச நீதிமன்றம் தடை போட்டு, செப்டம்பரில் பழைய ஈடிஏ முறை திரும்பியது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அரசுத் தளத்தைத் திறந்து பாருங்கள், அன்று அங்கே என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இன்னொரு எச்சரிக்கை, இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. கனடா ஈடிஏ, இங்கிலாந்து ஈடிஏ, அமெரிக்காவின் எஸ்டா வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். அந்த மூன்றும் விசா விலக்கு பெற்ற நாட்டவருக்கும், சில குறிப்பிட்ட நாட்டவருக்கும்தான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த மூன்று நாட்டுக்கும் முறையான விசாதான் வேண்டும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லை, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பினால் போதும். அது இலவசம். அதற்கும் காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஈடிஏ வந்துவிட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை, கடைசி முடிவு அங்கே இருக்கும் குடிவரவு அதிகாரியுடையது. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும், கைச்செலவுக்குப் பணமும் காட்டத் தயாராக இருங்கள். அனுமதித் தாளை இரண்டு நகல் அச்செடுத்து ஒன்றை அம்மா கைப்பையிலேயே வையுங்கள். ஈடிஏ பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்தது, நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய ஈடிஏ செல்லாது.

நாங்கள் திருவனந்தபுரத்தில் இருந்து போனோம். நாகர்கோவிலில் இருந்து அந்த விமான நிலையம் போகிற நேரத்தை விட கொழும்புக்குப் பறக்கிற நேரம் குறைவு. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த இடத்தில் விரலை வைத்து, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "அம்மா பிறந்தது இங்கயா?" என்று தமிழிலேயே கேட்டார். அம்மா தோட்டத்தின் பெயரையும், டிவிஷன் பெயரையும், லயத்து நம்பரையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் முத்திரையைக் குத்திவிட்டு, "ரயில்ல போங்க, ஜன்னல் பக்கம் உக்காருங்க" என்றார்.