வேப்பிலை கட்டிய வாசலும் அறிவித்தல் ஒட்டிய படலையும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. 2021 ஆம் ஆண்டு, மூன்றாவது அலையின்போது என் தந்தைக்குக் கொரோனா தொற்றியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுச் சென்ற அன்று மாலையே, பக்கத்து வளவுக்காரர்கள் எங்கள் இரு வளவுகளுக்கும் இடையில் இருந்த கடப்பைக் கிடுகு வைத்து அடைத்துக் கட்டினார்கள். சுனாமி வந்த அன்று, கரையோரத்திலிருந்து ஓடிவந்த முன்பின் தெரியாத குடும்பங்களைத் தங்கள் விறாந்தையில் படுக்கவைத்துச் சோறு போட்டவர்களும் இவர்கள்தாம். அப்பா சுகமானார், கடப்பும் பிறகு திறக்கப்பட்டது. ஆனால் அந்த மாலையை என்னால் மறக்க முடியவில்லை. நல்ல குணம் என்பது ஆபத்து தன்னை நெருங்காதவரைக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, அதாவது ஜனாஸாக்களை, இலங்கை அரசு எரித்ததும் இதே மனித இயல்பின் பெரிய வடிவம்தானே? என் மாணவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு முந்திய கேள்வியில்தான் நான் உங்களோடு முரண்படுகிறேன். அதற்கு முன் அந்தக் கடப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் வந்தது, சில மணி நேரத்துக்குள் திரும்பிப் போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் ஓடிவந்தவர்கள் உங்கள் அயலவரின் வாசலில் நின்றபோது ஆபத்து அவர்களுக்குப் பின்னால் இருந்ததே தவிர அவர்களுக்குள் இருக்கவில்லை. தொற்றுநோய்க் காலத்தில் நிலைமை தலைகீழ். உதவி கேட்டு வருபவரின் மூச்சே ஆபத்தாகி விடுகிறது. வீட்டில் முதியவரோ சலரோக நோயாளியோ இருந்தால், கதவைத் திறப்பவர் தன்னுடைய உயிரை மட்டுமல்ல, அவர்களுடைய உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். ஆகவே ஒரே குடும்பம் இரண்டு ஆபத்துகளில் இரண்டு விதமாக நடந்துகொண்டதை, முதலாவது முகமூடி, இரண்டாவதே முகம் என்று நீங்கள் கொள்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்படியிருந்தும் உங்கள் மனம் நோவதற்குக் காரணம் இருக்கிறது. விலகி நிற்பது நமது ஊர்களுக்குப் புதிதல்ல. ஒரு வீட்டில் அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) கண்டால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், அதைக் கண்டவர்கள் உள்ளே போக மாட்டார்கள். இது தனிமைப்படுத்தல் அன்றி வேறென்ன? ஆனால் அந்த வேப்பிலை வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்கவில்லை. அம்மன் வந்திருக்கும் வீடு என்ற மரியாதை அதில் இருந்தது. உள்ளே போகாதவர்கள் இளநீரையோ பழத்தையோ படலையடியில் வைத்துவிட்டு, வெளியில் நின்றபடியே குரல் கொடுத்துச் சுகம் விசாரித்துவிட்டுப் போவார்கள். நோய் தணிந்து நோயாளிக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வந்ததும் விலகியிருந்த காலம் எல்லோரும் அறிய முடிவுக்கு வந்துவிடும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடலைப் பாடி முடிக்கும்போது, வெக்கையும் நோயும் தணிய வேண்டுமென்ற வேண்டுதல் ஒரு வீட்டுக்காக அன்றி ஊர் முழுவதற்குமாக வைக்கப்படுகிறது. நோயாளி ஊரை விட்டு வெளியே தள்ளப்பட்டவராக அல்ல, ஊரின் நடுவில் இருப்பவராகவே எண்ணப்பட்டார்.

உங்கள் படலையில் ஒட்டப்பட்ட தாளில் அது எதுவும் இல்லை. உள்ளே செல்லாதே என்று மட்டுமே அது சொன்னது. வெளியே நிற்பவர் என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட அதில் இருக்கவில்லை. பேலியகொட மீன் சந்தையில் உருவான தொற்றுக் கொத்தணிக்குப் பிறகு வாழைச்சேனையும் அக்கரைப்பற்றும் அடுத்தடுத்து மூடப்பட்ட நாட்களில், தொற்றியவரின் ஊரையும் இனத்தையும் சொல்லிச் சொல்லியே செய்திகள் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நோய் ஒரு குற்றமாகப் பேசப்பட்ட சூழலில், உங்கள் அயலவர் கிடுகைத் தேடியது எனக்கு வியப்பளிக்கவில்லை. அவர்கள் கடப்பை அடைத்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். வேலிக்கு அப்பால் நின்று உங்கள் தந்தையின் பெயரைச் சொல்லி ஒரு தரமாவது கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்வேன்.

இனி ஜனாஸா எரிப்புக்கு வருகிறேன். இதை உங்கள் அயலவரின் அச்சத்தோடு ஒரே வரிசையில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. அதை அறிந்துகொண்டே, ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்ற காரணம் சொல்லப்பட்டது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மன்றாடினார்கள். டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதே மாத இறுதியில், சுகாதார அமைச்சு தானே நியமித்த நிபுணர் குழு புதைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகும் அனுமதி வருவதற்கு 2021 பெப்ரவரி 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அச்சம் இப்படி நடந்துகொள்வதில்லை. அது கேள்விப்பட்ட மாலையில் கிடுகைக் கட்டும், ஆபத்து இல்லையென்று தெரிந்ததும் அவிழ்த்துவிடும். உங்கள் வேலியிலேயே நீங்கள் அதைக் கண்டீர்கள். விளக்கம் கையில் கிடைத்த பின்பும் மாதக் கணக்கில் நீடிப்பது ஒரு தீர்மானம். தீர்மானத்துக்குக் கையொப்பமும் திகதியும் உண்டு, அதை எடுத்தவர்களும் உண்டு. அதை மனித இயல்பு என்று பெயரிட்டு எல்லோருடைய தலையிலும் பகிர்ந்து வைத்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார்கள். என் கவலையெல்லாம் இதுதான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பில் பொறுப்பாளி என்று எவரும் இல்லை.

அதே நோய்க்கு அஞ்சிய சாதாரண மனிதர்கள் அந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தோரைப் புணானையில் தங்கவைத்தபோது மட்டக்களப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. ஓராண்டு கழிந்து, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஓட்டமாவடி மஜ்மா நகரில், நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட உடல்களுக்கு இடம் கிடைத்தது. 2021 மார்ச் 5 ஆம் திகதி தொடங்கிய அந்த மையவாடியில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அடக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள் என்றாலும் பிற மதத்தவரும் அங்கே உறங்குகிறார்கள். அதற்குச் சற்று முன், பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை சென்ற நடைபயணத்தின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். அப்போதும் தொற்று இருந்தது, நடந்தவர்களுக்கும் அச்சம் இருந்திருக்கும்.

சுனாமிக்கால ஒற்றுமையை நீங்கள் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிந்திய கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி, பல்லாண்டு காலம் ஆளின்றிப் பற்றைக்காடாகக் கிடந்தன. விறாந்தையில் இடம் கொடுத்த மக்கள் கெட்டுப்போனதால் இது நடக்கவில்லை. பங்கிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதே அங்கும் கேள்வி.

உங்கள் மாணவர்கள் கேட்டால், மனித இயல்பைப் பற்றிய சொற்பொழிவு எதுவும் வேண்டாம். இரண்டு வேலைகள் கொடுங்கள். அம்மாள் வருத்தம் வந்த வீட்டுக்கு அயலவர் என்னென்ன செய்தார்கள் என்று அவர்களின் அம்மம்மாவிடமோ, மூத்தம்மாவிடமோ கேட்டு எழுதட்டும். பிறகு 2020 ஏப்ரல் 11, 2021 பெப்ரவரி 25 என்ற இரண்டு திகதிகளையும் கரும்பலகையில் எழுதி, இடையில் உள்ள மாதங்களில் அரசும் மருத்துவர்களும் மதத் தலைவர்களும் நமது பிரதிநிதிகளும் என்ன சொன்னார்கள், எவரெவர் பேசாதிருந்தார்கள் என்று பழைய பத்திரிகைகளில் தேடச் சொல்லுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளால் அது முடியும்.

அன்புடன்.