ஆறு பற்களைப் பிடுங்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடமாகிறது. தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசப் பல் முகாமில், ஆறு பற்களைப் பிடுங்கி இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க வேண்டும் என்றார்கள். அன்றே முன்பணம் கட்டினால் பாதி விலையாம். ஆஸ்பிரினை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். சிகிச்சை பாதுகாப்பாக நடக்க எங்கள் பக்கம் என்ன செய்ய வேண்டும்? நிறையக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஆலங்குடி

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள்.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம்; நின்றுவிடும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் பல் மருத்துவர்களான எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மாவின் இதய மருத்துவர் மட்டுமே, அதுவும் எழுத்தில். முகாமில் முன்பணம் எழுத நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர் அல்ல.

அந்த நோட்டுப் புத்தகக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல முகாம்களில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. அவருக்கு வேண்டியது அம்மாவின் பல் அல்ல, உங்கள் கையெழுத்து. எக்ஸ்ரே எடுக்காமல் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து ஆறு பற்களைப் பிடுங்க வேண்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆடும் பல்லெல்லாம் பிடுங்க வேண்டிய பல் அல்ல. சர்க்கரை கட்டுப்படாமல் ஈறு வீங்கியிருந்தாலும் பல் ஆடும். ஈற்றைச் சுத்தம் செய்து, சர்க்கரையும் இறங்கினால் சில பற்கள் இறுகிக்கொள்ளும். இம்பிளான்ட் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். ‘இன்று மட்டும்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிட மோசமானவர்கள், பதிவு இல்லாமல் பல் கட்டுபவர்கள். சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்தார். ஒரு செயற்கைப் பல்லை, இருபுறமும் இருந்த நல்ல பற்களோடு கம்பி சுற்றி, பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி ஒட்டிவிட்டிருந்தார்கள். அதை அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அடியில் ஈறு அழுகியிருந்தது. இரண்டு நல்ல பற்களும் போயின. பதிவு இல்லாதவர் பல் சிகிச்சை செய்யக் கூடாது என்று 1948லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கடைகள் பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே பலகை மாட்டி நடக்கின்றன. யார் கேட்கிறார்கள்? நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை செய்பவரின் பெயரையும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

அடுத்தது கருவிகளின் சுத்தம். 2023இல் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையோடு தொடர்புடைய பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் கிருமித் தொற்று ஏற்பட்டு, எட்டுப் பேர் இறந்தார்கள். ஒருமுறை திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதைத்தான் ஆய்வு சுட்டிக்காட்டியது. அதனால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும், கருவிகள் இருக்கும் உறையை அவர் எதிரிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில், வெந்து வந்த உறையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் நிறம் மாறியிருக்கும், காட்டச் சொல்லுங்கள். ஊசி புதியதா, சலைன் இப்போது திறந்ததா என்றும் கேளுங்கள். நேர்மையான மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் அம்மாவை விடாதீர்கள்.

இனி உங்கள் வேலை. அம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டாம். மருந்துச் சீட்டுகளில் உள்ள கையெழுத்தை எங்களாலேயே படிக்க முடிவதில்லை. இத்தனை வருடங்களாகச் சொல்லியும் அது மாறவில்லை.

அந்தப் பையில் வராத மருந்து ஒன்று உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குச் சில பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை தருவார்கள். சிலருக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ஊசி, சோலெட்ரோனிக் அமிலம். வருடத்துக்கு ஒருமுறை என்பதால் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். சர்க்கரையைச் சொல்வார்கள், ரத்த அழுத்தத்தைச் சொல்வார்கள், இதைச் சொல்லவே மாட்டார்கள். இந்த மருந்து எடுப்பவருக்குப் பல்லைப் பிடுங்கினால், சிலருக்கு அந்த இடம் ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரியும். முன்பே தெரிந்தால் வேறு வழி பார்ப்போம்; வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றப் பார்ப்போம். “முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ எப்போதாவது ஊசி போட்டார்களா, அம்மா?” என்று இன்றே கேளுங்கள். அது என்ன ஊசி என்று தெரியாவிட்டால், போட்ட மருத்துவமனையில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

காலை நேரமாக வாங்குங்கள். அம்மா வழக்கம்போலச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும். மரத்துப்போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. பட்டினியாக வந்து மயங்குபவர்கள்தான் அதிகம்.

புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். வரிசை நீளமாக இருக்கும், ஒரு நாள் போய்விடும். ஆனால் எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல், ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அந்த எக்ஸ்ரேயையும் சீட்டையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பல் எடுத்தால், பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வாய் நிறைய ரத்தம் வந்தால் இரவில் யாரை, எந்த எண்ணில் அழைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.