போர்முனையில் படையோடு சென்ற செய்தியாளர்கள்: கேள்வி பதில்

2003 இராக் போரில் அமெரிக்கப் படைப்பிரிவுகளோடு சென்ற 'எம்பெட்' செய்தியாளர்களைப் பற்றிக் கேளுங்கள். ஆயுதங்களின் விலைப்பட்டியல் என் துறை அல்ல.

கவிதா: எழுதியதை ராணுவம் தணிக்கை செய்ததா?

பொதுவாக இல்லை. அடுத்த தாக்குதல் திட்டம், படை நிற்கும் இடம், குடும்பத்துக்குச் சொல்லுமுன் இறந்தவரின் பெயர் ஆகியவற்றை வெளியிட மாட்டேன் என்று செய்தியாளர் முன்பே கையெழுத்திட்டுவிடுவார். அமெரிக்க 101வது வான்வழிப் பிரிவோடு இருந்த ஃபாக்ஸ் நியூஸ் செய்தியாளர் ஹெரால்டோ ரிவேரா நேரலையில் மணலில் வரைபடம் போட்டு, படை எங்கே போகப்போகிறது என்று விளக்கினார். இராக்கைவிட்டு வெளியேற நேர்ந்தது. கையெழுத்திடும் தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். காயம்பட்டாலும் இறந்தாலும் அரசு மீது வழக்கில்லை என்ற உறுதிமொழியும் கேட்பார்கள்.

ரவி: தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

கூடாது. பென்டகன் விதியே தடுக்கிறது.

மீனா: குண்டுதான் பெரிய ஆபத்தா?

அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியின் டேவிட் புளூம், கவச வாகனத்தில் நாள்கணக்கில் கால் மடக்கி உட்கார்ந்தே பயணித்தார், அதிலேயே தூங்கினார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்து ஏப்ரல் 6 அன்று இறந்தார், வயது 39. அதற்கு மூன்று நாள் முன்பு இன்னொரு எம்பெட் செய்தியாளர் மைக்கேல் கெல்லி சென்ற ஹம்வீ ராணுவ வண்டி, தாக்குதலிலிருந்து தப்ப முயன்று கால்வாயில் விழுந்தது, அவரும் பிழைக்கவில்லை. வண்டி நின்றால் இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குமார்: சம்பளம் எவ்வளவு?

உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்.

செல்வம்: எம்பெட் என்றாலே ராணுவத்தின் ஊதுகுழல்தானே?
முருகேசன்: செல்வம் ஐயா, படையோடு சேராமல் தனியாகப் போனவர்கள் மட்டும் என்ன சாதித்தார்கள்? உயிரை விட்டதுதான் மிச்சம்.

இருவரும் சற்றுப் பொறுங்கள். செல்வம் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சொந்த வாகனத்துக்கு அனுமதி கிடையாது; படை போன வழியைத்தான் பார்க்க முடியும். சோறும் தூக்கமும் உயிரும் வீரர்கள் கையில் இருக்கும்போது, 'அவர்கள் முன்னேறினார்கள்' என்பது சீக்கிரமே 'நாங்கள் முன்னேறினோம்' என்று மாறிவிடும். குண்டு விழுந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று இறங்கிப் போய்க் கேட்க வண்டி நிற்காது. ஆனால் ஊதுகுழல் என்பதை ஏற்க மாட்டேன். 2004 நவம்பரில் ஃபலூஜா மசூதிக்குள், காயம்பட்டு ஆயுதமின்றிக் கிடந்தவரை ஓர் அமெரிக்க மரைன் வீரர் சுட்டதைப் படம்பிடித்தவர், அதே படையோடு சென்ற கெவின் சைட்ஸ். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

முருகேசன், உயிரை விட்டதுதான் மிச்சம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அப்படித் தனியாகப் போன, பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனமான ஐடிஎன்னின் டெரி லாயிட் 2003 மார்ச் 22 அன்று பாஸ்ரா அருகே அமெரிக்கக் குண்டுக்கு இறந்தார். 2006இல் பிரிட்டனில் நடந்த மரண விசாரணை அதைச் சட்டவிரோதக் கொலை என்றது. ஏப்ரல் 8 அன்று பாக்தாதில், செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டலை அமெரிக்க டாங்கி சுட்டதில் ராய்ட்டர்ஸின் தாராஸ் புரோட்சியுக்கும் ஸ்பெயினின் ஹோசே கூசோவும் மாண்டார்கள். குண்டுவீச்சுக்கு அடியில் அந்நகர மக்கள் பட்டதைக் காட்டியவர்கள் இப்படித் தங்கியவர்கள்தான். எம்பெட் செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழுப் போருக்கும் தலைப்பிட்ட ஆசிரியர்கள் மீதுதான் என் கோபம்.

செல்வம்: அப்படியானால் பாதியை ஒப்புக்கொள்கிறீர்கள்!

பாதியைத்தான்.

பிரியா: டேனிஷ் சித்திக்கியும் எம்பெட்தானே?

ஆம். ராய்ட்டர்ஸின் இந்தியப் புகைப்படச் செய்தியாளரான அவர் ஆப்கன் சிறப்புப் படையினரோடு சென்று, 2021 ஜூலை 16 அன்று ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். அமெரிக்க விதிகளை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அன்பு: சிறு கைத்துப்பாக்கியாவது வைத்துக்கொள்ளலாமா?

ரவிக்குச் சொன்னதேதான். அங்கீகாரம் பெற்ற போர்ச் செய்தியாளர் பிடிபட்டால் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி போர்க்கைதியாக நடத்த வேண்டும். இருந்தாலும் அவர் சிவிலியன். துப்பாக்கி தூக்கினால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும், அடுத்து வரும் செய்தியாளரையும் எதிரி போராளியாகத்தான் பார்ப்பான். அந்தப் பணத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை ஒன்று வாங்குங்கள். இருட்டில் ஒரே கையால் கட்டப் பழகுங்கள்.