இணையக் குழுமத்தில் யாருக்கு எந்த இடம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைத் தொட்டன. இணையத்தில் கூடும் குழுமங்கள் தம் உறுப்பினர்களை எப்படித் தரப்படுத்துவது, எப்படிப் பாராட்டுவது என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வேளாண்மைக்காரர்களுக்காக முகநூலில் ஒரு குழுமம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பதில் சொல்பவர்கள் ஒரு சிலரே. அவர்களை ஊக்குவிக்க எண்ணி, ஒவ்வொரு பதிவுக்கும் பின்னூட்டத்துக்கும் புள்ளி கொடுத்து, மாத முடிவில் வெள்ளி, தங்கம், வைரம் என்று பட்டம் அறிவித்தோம். இப்போது குழுமம் முழுவதும் காலை வணக்கப் படங்களும் ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லுமாகக் கிடக்கிறது. அறக்கொட்டியான் என்ற நெற்பயிர்ப் பூச்சியின் தாக்கத்தைப் பற்றிப் பொறுமையாக எழுதிவந்த ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். பட்டங்களை நிறுத்துவதா, திருத்துவதா? – வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் எழுதுவதற்குப் புள்ளி கொடுத்தீர்கள், ஆகவே உங்களுக்கு எழுத்து கிடைத்தது. பயனுள்ள எழுத்துக்குக் கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் நாணயக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, ஓர் அளவீட்டை வைத்துக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் அந்த அளவீடு நம்பகத்தன்மையை இழந்துவிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். மத்திய வங்கிகளுக்காகச் சொல்லப்பட்ட அது உங்கள் குழுமத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

2008 இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கணினி நிரலாளர் தளத்தில், பதில் எழுதியதற்காக ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்தப் பதிலை இன்னொருவர் படித்து ஆதரவு வாக்களித்தால் 10 புள்ளியும், கேள்வி கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15 புள்ளியும் கிடைக்கும். வாக்குகளால் ஒரே நாளில் 200 புள்ளிக்கு மேல் சேர்க்க முடியாது என்ற வரம்பும் உண்டு. எவ்வளவு எழுதினார் என்பதை விட்டுவிட்டு, எழுதியது யாருக்கு உதவியது என்பதை எண்ணுகிறார்கள். அதிலும் ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் விளங்கும் எளிய கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்பவருக்கு வாக்குகள் குவிகின்றன. ஆற்றோரத்து உவர் நிலத்தில் நாற்று ஏன் கருகுகிறது என்பது போன்ற அரிய கேள்விக்கு நாளெல்லாம் யோசித்துப் பதில் எழுதுபவரை இரண்டு பேர்தான் படிப்பார்கள், அந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அது விளங்கும். ஆகவே கூட்டத்தின் விருப்பக் குறிகளைவிடக் கேட்டவரின் சொல்லுக்கு மிகக் கூடுதலான எடை கொடுங்கள்.

வேளாண்மையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிரலாளர் ஒருவர், தமக்குச் சொல்லப்பட்ட தீர்வு சரியா என்பதை உடனே இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். வயலுக்குச் சொன்ன பரிகாரம் பலித்ததா என்பது பத்துப் பதினைந்து நாள் கழிந்துதான் தெரியும். சில வேளைகளில் அறுவடைக்குப் பிறகுதான் தெரியும். கேட்டவர் அதே இழையில் திரும்பி வந்து “செய்து பார்த்தேன், பயிர் தேறிவிட்டது” என்றோ “பயனில்லை” என்றோ எழுதுவதை உங்கள் குழுமத்தின் வழக்கமாக்குங்கள். எண்ணத் தகுந்த ஒன்று உண்டென்றால் அது இந்தத் திரும்பி வந்த சொல்தான். ஒருவர் எந்தத் துறையில் அத்தகைய சொற்களைப் பெற்றார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். பசளையைப் பற்றி நன்கறிந்தவர் காப்புறுதிப் பணத்தைப் பற்றியும் அறிந்திருப்பார் என்று புதியவர் நினைக்கும்படி பொதுவாக ‘வைரம்’ என்று எழுதிவைப்பதால் யாருக்கும் பயனில்லை.

இனி அந்தப் போதனாசிரியர் ஏன் எழுதுவதை நிறுத்தினார் என்பதற்கு வருகிறேன். அவருடைய மனத்தை நான் அறியேன். ஆயினும் 1973 இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை இங்கே நினைக்கத்தக்கது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்றவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் விருப்பம் குறையவில்லை. தாமாக விரும்பிச் செய்ததைக் கூலிக்குச் செய்வதுபோல ஆக்கிவிட்டால் அந்த விருப்பம் வற்றிவிடுகிறது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதக்கங்களை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றும் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டது: பதக்கத்தை நெருங்கும்போது உழைப்பு ஏறுகிறது, பெற்ற பிறகு இறங்கிவிடுகிறது. நிரலாளர்கள் தம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம், ஒருவர் எத்தனை நாள் இடைவிடாமல் பங்களித்தார் என்று காட்டிவந்த எண்ணியை 2016 இல் நீக்கியது. நீக்கியதும் நீண்ட தொடர்கள் குறைந்தன, வார இறுதி நாள் வேலையும் குறைந்தது. அந்த வேலையின் ஒரு பகுதி எண்ணுக்காகவே செய்யப்பட்டிருந்தது என்று தெரியவந்தது.

இதனால் பாராட்டே வேண்டாம் என்று ஆகிவிடாது. விக்கிப்பீடியாவில் எந்தப் பயனரும் மற்றொரு பயனருக்கு, இன்ன வேலைக்காக என்று எழுதி, ஒரு பதக்கத்தை அவருடைய பேச்சுப் பக்கத்தில் இடலாம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் ‘களைப்படையாப் பங்களிப்பாளர்’ என்பது போன்ற பதக்கங்கள் இவ்வாறே வழங்கப்படுகின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகக் கூடுதலாகப் பங்களிக்கும் 1 சதவீதத்தினரிலிருந்து எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த சிலருக்கு ஆய்வாளர் இருவர் இத்தகைய பதக்கத்தை இட்டுப் பார்த்தார்கள். பெறாதவர்களோடு ஒப்பிட, பெற்றவர்களின் பங்களிப்பு 60 சதவீதம் கூடியிருந்ததாக 2012 இல் எழுதினார்கள். அந்தப் பதக்கத்துக்குப் புள்ளியும் இல்லை, உரிமையும் இல்லை, முன்னறிவிப்பும் இருக்கவில்லை.

ஆகவே மாதப் பட்டங்களை நிறுத்துங்கள். முகநூல் தானாக இடும் ‘சிறந்த பங்களிப்பாளர்’ வகைக் குறிகளையும் அட்மினுக்குரிய அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். போதனாசிரியருக்குப் பொதுவில் பொன்னாடை போர்த்தும் பதிவு வேண்டாம். அவர் சொன்னதைக் கேட்டுப் பயிரைக் காப்பாற்றிய வேளாண்மைக்காரர் ஒருவரைக் கொண்டு, எந்த வட்டையில் எது நடந்தது என்று நான்கு வரி எழுதுவியுங்கள்.

கேள்வி: உயர்தர கணிதப் பிரிவு மாணவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறேன். மிகக் கூடுதலான கணக்குகளுக்கு விடை எழுதிய மாணவனை அட்மினாக்கினேன். அவன் கெட்டிக்காரன், ஆனால் தன் வழியில் செய்யாத மற்றப் பிள்ளைகளின் விடைகளை நீக்கிவிடுகிறான். பதவியைப் பறித்தால் மனம் உடைந்துபோவான் என்று அஞ்சுகிறேன். – ஆசிரியை, கல்முனை

பதில்: ரீச்சர், பாராட்டாகக் கொடுக்க வேண்டியதை நீங்கள் அதிகாரமாகக் கொடுத்துவிட்டீர்கள். நம் பக்கத்தில் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளராக, ஒருவரைத் தெரிவுசெய்யும்போது, ஏக்கருக்கு ஆகக்கூடிய மூடை எடுத்தவர் யார் என்று விவசாயிகள் பார்ப்பதில்லை. மேட்டு வயலுக்கும் கடைமடை வயலுக்கும் வஞ்சகமில்லாமல் தண்ணீர் திறப்பவர் யார் என்றே பார்ப்பார்கள். கணக்கு நன்றாகச் செய்வதும் மற்றவர்களின் கணக்கைப் பொறுமையாகப் பார்ப்பதும் வெவ்வேறு திறன்கள்.

பெரிய தளங்கள் இதை ஓரளவு பிரித்தே வைத்திருக்கின்றன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புள்ளி ஏற ஏறச் சிறு உரிமைகள் திறக்கும்: ஆதரவு வாக்களிக்க 15, எங்கும் பின்னூட்டமிட 50, பிறருடைய எழுத்தை நேரடியாகத் திருத்த 2,000 புள்ளி வேண்டும். பதிவுகளை மேற்பார்க்கும் முழு அதிகாரமுள்ள மட்டுறுத்துநர்களையோ உறுப்பினர்கள் தேர்தலில் தெரிவுசெய்கிறார்கள். புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பதவி தானாக வந்துவிடாது. 1997 இல் தொடங்கிய ஸ்லாஷ்டொட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இன்னும் துணிவாக ஒன்றைச் செய்தது. வழக்கமாக வந்து படிக்கும் உறுப்பினர்களில் சிலருக்கு, சில நாள்களில் காலாவதியாகும் 5 மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சுழற்சியில் கொடுத்தது. தாம் கருத்து எழுதிய விவாதத்தில் அவற்றை அவர்கள் பயன்படுத்த முடியாது என்றும் விதித்தது. தீர்ப்பு வழங்கும் வேலை எல்லோரிடமும் மாறி மாறிப் போனதால் அது யாருக்கும் சொத்தாகவில்லை.

டெலிகிராமில் ஓர் அட்மினுக்கு எந்த உரிமை உண்டு, எது இல்லை என்பதைத் தனித்தனியாகத் தெரிவுசெய்யலாம். பெயரின் அருகே சிறிய பட்டமொன்றும் இடலாம். ஆகவே பதவியைப் பறிக்க வேண்டியதில்லை. செய்திகளை நீக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு, ‘இணைந்த கணிதம்’ என்று பட்டத்தை எழுதிவிடுங்கள். நீக்கும் உரிமையைத் தவணைக்கு இருவர் என்று பிள்ளைகளிடையே சுற்றவிடுங்கள். அந்த முறையில் அவனுக்கும் ஒரு தவணை வரட்டும். எல்லோருக்கும் உரிய விதியாக இதைச் சொன்னால் அவன் ஏற்றுக்கொள்வான்.

கேள்வி: பிடிக்காத பதிவுக்கு எதிர்வாக்கு அளிக்கும் வசதி வேண்டும் என்று எங்கள் குழுமத்தின் இளைஞர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், வாழைச்சேனை

பதில்: ஒருவரையொருவர் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் காணும் ஊர்க் குழுமத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. முகமறியாதவர்கள் கூடும் தளங்களே இதில் எச்சரிக்கையாக இருக்கின்றன: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எதிர்வாக்கு அளிக்க 125 புள்ளி வேண்டும், ஒரு பதிலுக்கு எதிர்வாக்கு அளித்தால் அளித்தவருக்கும் ஒரு புள்ளி குறையும். பிழையான தகவல் என்றால் எது பிழை என்று கீழே எழுதச் சொல்லுங்கள். ஆபத்தான தகவல் என்றால் அட்மினிடம் முறையிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கட்டாரில் வேலை செய்கிறேன். ஊரவர்களின் குழுமத்தில் தொடக்க உறுப்பினர்கள் சிலர் ‘மூத்தோர்’ என்ற பட்டத்தோடு எல்லா முடிவுகளுக்கும் வாக்குரிமை வைத்திருக்கிறார்கள். பலர் எட்டிப் பார்த்தே நெடுங்காலமாகிறது. உதவிப் பணம் சேர்ப்பது போன்ற அவசர வேலைகள் அவர்களால் தாமதமாகின்றன. கேட்டால், மரியாதைக் குறைவு என்கிறார்கள். – வாசகர், காத்தான்குடி

பதில்: மரியாதை நிலைத்திருக்கட்டும், உரிமை தேய்ந்துபோகட்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் பின்னர் வேறு சிலரோடு சேர்ந்து உருவாக்கிய டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் மென்பொருள் இந்தப் பிரச்சினையை நன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறது. அதில் பூச்சியம் முதல் நான்கு வரை நம்பிக்கைப் படிகள் உண்டு. புதியவர் முதற்படி ஏறுவதற்கு எழுதவே வேண்டியதில்லை. ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவிட்டால் போதும். வாயைத் திறக்குமுன் காதைத் திறந்தவருக்கு முதல் மதிப்பு என்பது எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு. மூன்றாம் படியில் இருப்பவரோ கடந்த 100 நாள்களில் பாதி நாள்களாவது வந்திருக்க வேண்டும். தவறினால் சிறிது அவகாசத்துக்குப் பின் படி இறங்குவார், திரும்பி வந்து பங்கெடுத்தால் மறுபடியும் ஏறுவார். இறக்கியது ஒரு மனிதர் அன்று, எல்லோருக்கும் பொதுவான விதி என்பதால் மனத்தாங்கலுக்கு அங்கே இடம் குறைவு.

ஆனால் 100 நாள் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுமத்தில் வெளிநாட்டில் வேலை செய்பவர்களும், வாடைக் காலத்தில் ஒரு விதமாகவும் மற்றக் காலத்தில் வேறு விதமாகவும் ஓய்வு பெறும் கடற்றொழிலாளர்களும் இருப்பார்கள். ஓராண்டு என்று வையுங்கள். தொடக்க உறுப்பினர்களின் பெயர்களைக் குழுமத்தின் அறிமுகப் பகுதியில் நிலையாக எழுதிவைத்து, வாக்குரிமையை மட்டும் கடந்த ஓராண்டில் பங்கெடுத்தவர்களுக்கு உரியதாக்குங்கள். பணம் சேர்க்கும் வேலைக்குப் பட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். கணக்கை எழுதிக் காட்டக்கூடிய மூவரிடம் அதை ஒப்படையுங்கள்.

கேள்வி: வேலைவாய்ப்புத் தகவல் பகிரும் ஒரு பெரிய குழுமத்தில் நானும் ஒரு மட்டுறுத்துநர். போலி விளம்பரங்களை நீக்குவது, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பழைய பதிலோடு இணைப்பது, பொதுவில் கேட்கத் தயங்கும் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக விளக்குவது எல்லாம் என் வேலை. ஆண்டு முடிவில் ‘சிறந்த உறுப்பினர்’ பட்டியலில் நிறைய எழுதுபவர்கள் மட்டுமே வருகிறார்கள். என் பெயரும் படமும் பொதுவில் வருவதையும் நான் விரும்பவில்லை. இப்படிப்பட்டவர்களை எப்படித்தான் மதிப்பது? – மாணவி, ஒலுவில்

பதில்: தங்கை, நீக்கப்பட்ட போலி விளம்பரத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே அதை நீக்கியவரையும் யாரும் பார்ப்பதில்லை. எழுதப்பட்டதை எண்ணும் எந்தப் பட்டியலிலும் உங்களைப் போன்றவர்கள் இடம்பெற மாட்டார்கள். டிக் என்ற செய்தித் தளம், முன்னணிப் பயனர்களின் பட்டியலை 2007 இல் எடுத்தே விட்டது. உங்கள் குழுமத்தின் ஆண்டுப் பட்டியலையும் கைவிடும்படி மற்ற அட்மின்களிடம் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, இவ்வாண்டில் எத்தனை போலி விளம்பரங்கள் நீக்கப்பட்டன, எவ்வகையானவை, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று குழுமத்தின் பெயரில் ஓர் அறிக்கை வரட்டும். பெயரில்லாமலே வேலை வெளியே தெரியும். உறுப்பினர்களும் போலியை அடையாளம் காணப் பழகுவார்கள்.

பாராட்டப்படுபவரிடம் முன்பே அனுமதி கேட்பது எல்லாக் குழுமங்களுக்கும் கட்டாய விதியாக இருக்க வேண்டும். உங்களுக்கு உரியதை வேறு வழியில் தரலாம்: உங்கள் வேலையை விவரித்து அட்மின்கள் ஒப்பமிட்ட கடிதமொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அது உதவும். தனிச் செய்தியில் வரும் கேள்விகளை எல்லாம் நீங்கள் ஒருவரே தாங்க வேண்டியதில்லை. இன்னும் இரண்டு பெண்களை உங்களோடு சேர்க்கச் சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையையும் இப்போதே கேட்டு வையுங்கள்.