சபாட்டிகலில் எழுதிய ஆப் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சென்னையில் வங்கி மென்பொருள் எழுதும் கம்பெனியில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு வருடம் சம்பளமில்லாத சபாட்டிகல் (நீண்ட விடுப்பு) வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, அப்பாவின் தென்னந்தோப்புக்காக ஒரு ஆப் எழுதினேன். எந்த மரத்துக்கு எப்போது தண்ணீர் என்று அது கணக்கு வைக்கும். இப்போது நாலு தோப்புக்காரர்கள் பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். வெளிவேலை பார்த்தேன் என்றும், ஆப் தங்களுக்கே சொந்தம் என்றும் கம்பெனி விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. எல்லாம் மேனேஜரின் பொறாமை. ஒரு ரூபாய் தராதவர்கள் எப்படி உரிமை கேட்கலாம்?

பதில்: மேனேஜரை விடுங்கள், அவர் பொறாமை எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. சம்பளம்தான் நின்றதே தவிர, வேலை ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஆனால் வேலையில் இருப்பதால் அது உங்களுக்குக் கை கொடுக்காது. அது வேலையை விட்டவர்களுக்குத்தான் உதவும். வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கோலிகாரி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆப்பின் உரிமை தனி விஷயம். பதிப்புரிமைச் சட்டம் 17(சி)-படி, வேலையின் பகுதியாக எழுதியதுதான் முதலாளிக்குப் போகும். வங்கிக்கும் தென்னைக்கும் சம்பந்தமில்லை, உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. ஆனால் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று நியமன ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அந்தப் பலம் பாதியாகிவிடும். சபாட்டிகல் கடிதத்தோடு அதையும் எடுத்துப் படியுங்கள்.

நான் பயப்படுவது உங்கள் பதில் கடிதத்தைப் பற்றித்தான். ஏறக்குறைய இதே நிலையில் ஒரு கட்சிக்காரர் வந்தார். எல்லாம் சொந்த லேப்டாப்பில் செய்தேன் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆப்பின் கோடு வரலாற்றை, அதாவது நிரலில் யார் எப்போது எதை எழுதினார் என்ற பதிவுகளை, பிரிண்ட் எடுத்து நீட்டினார். முதல் சில பதிவுகளில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் கம்பெனி மின்னஞ்சல் முகவரி. பழைய செட்டிங் மாறாமல் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. அதற்கப்புறம் ஆப்பை யாரும் பேசவில்லை, பொய்ச் சத்தியம்தான் வழக்காகிப்போனது. ஆகவே ஒரு வரி எழுதும் முன் உங்கள் கோடு வரலாற்றை முதலிலிருந்து பாருங்கள். கம்பெனி முகவரி இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். அழித்தால் சாட்சியத்தைக் கலைத்தீர்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

கோபத்தில் மெயில் தட்டவும் வேண்டாம். கெடுவுக்குள், குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்று மட்டும் சுருக்கமாகப் பதில் கொடுத்து, அவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்.

பச்சையாகச் சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். ஆப்பை விட மனமில்லை என்றால் வேலையை விடுங்கள். 5 வருடம் தாண்டியவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டால் அதையே காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள். நீங்கள் ராஜினாமா கொடுப்பதும், 'ஆப்பில் எங்களுக்கு உரிமை இல்லை' என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதும், ரிலீவிங் ஆர்டரும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே நாளில் கைமாற வேண்டும். வாய் வார்த்தையை நம்பி ராஜினாமாவை முதலில் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை தோப்புக்காரர்களிடம் பணம் வாங்குவதை நிறுத்தி வையுங்கள்.