ஒரு கண் பார்வையுடன் வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. சிறுவயதில் பட்ட காயத்தால் வலது கண்ணில் பார்வை இல்லை. இடது கண்ணுக்கு மைனஸ் 7 பவர் கண்ணாடி அணிகிறேன். தலையில் மாட்டும் ஹெட்செட் வழியாக வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டு ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர், "திரை கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கண்ணாடி வேண்டாம்" என்று சொல்லி, போனைச் செருகும் பெட்டி ஒன்றைக் காட்டினார். நண்பர்களோ, ஒரு கண்ணுக்கு முப்பரிமாணமே தெரியாது, பணம் வீண் என்கிறார்கள். யாரை நம்புவது? — வாசகர், குளச்சல்

பதில்: இரு தரப்பினர் சொன்னதும் தவறு. கடைக்காரரின் பேச்சு நம்பும்படியாகத்தான் இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்கள் போனைக் கண்ணருகே வைத்துப் படிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் ஹெட்செட்டில் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு லென்ஸ் இருக்கிறது. அது பிம்பத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டுகிறது. மைனஸ் 7 பவர் உள்ள கண், கண்ணாடி இல்லாமல், ஏறத்தாழ 14 செ.மீ. வரைதான் தெளிவாகப் பார்க்கும். ஆகவே உங்களுக்குக் கண்ணாடியோ, உங்கள் பவருக்குச் செய்து ஹெட்செட்டின் உள்ளே பொருத்தும் தனி லென்ஸோ கட்டாயம் வேண்டும். கண்ணாடியோடு அணிவதானால் பிரேமின் அகலத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 மாடலில் முகத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை நான்கு நிலைகளில் கூட்டலாம். இடைவெளி போதாவிட்டால் கண்ணாடியும் ஹெட்செட் லென்ஸும் உரசி, இரண்டிலும் கீறல் விழும்.

நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு உங்களுக்குக் கிடைக்காது என்பது உண்மை; ஆனால் ஆழத்தை அறிய அது ஒன்றே வழி அல்ல. தக்கலை வழியாகப் பேருந்தில் போகும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும், சாலையோரத் தென்னைகள் விரைந்து பின்னால் ஓட, வேளிமலை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பதிலிருந்து எது அருகில், எது தொலைவில் என்று தெரிந்துவிடுகிறதல்லவா? தலையின் நகர்வை முழுமையாகக் கணிக்கும் ஹெட்செட்டுகளிலும் இதே வித்தை நடக்கிறது. நான் ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சோதித்தேன். தலையை இடப்பக்கம் சாய்த்ததும், மேசைக்கால் மறைத்திருந்த கோப்பை மெல்ல வெளியே வந்தது.

போனைச் செருகும் பெட்டியை நான் வேண்டாம் என்பது இதனால்தான். அது பொதுவாகத் தலை திரும்புவதை மட்டுமே அறியும். சாய்வதையும் முன்னே நகர்வதையும் அறியாது. இரு கண் உள்ளவர்களுக்கு அப்போதும் ஓரளவு ஆழம் தெரியும்; உங்களுக்கு அது தட்டையான படமாகவே இருக்கும். விலை குறைவு என்று அதை வாங்கினால், நண்பர்கள் சொன்னதே உண்மை என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடும் என்பதுதான் என் கவலை.

மைனஸ் 6-க்கு மேற்பட்ட கிட்டப்பார்வையில் விழித்திரை விலகும் அபாயம் கூடுதல் என்பதால், குதித்து, வேகமாகத் தலையை ஆட்டி விளையாடும் முன் கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது ஒரே கண். இதில் அவசரம் வேண்டாம். தொடக்கத்தில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளே போதும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதா என்று ஒவ்வொரு விளையாட்டிலும் பாருங்கள். உருப்பெருக்கம், எழுத்தை வாசித்துக் காட்டுதல் உள்ளிட்ட 14 கருவிகளைக் குறைபார்வை உள்ளவர்களுக்காக 2019-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். ஆயினும் எல்லா விளையாட்டிலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

வாங்கும் முன், திருவனந்தபுரம் போன்ற நகரங்களின் வி.ஆர். விளையாட்டுக்கூடங்களில் கட்டணம் செலுத்தி, உங்கள் கண்ணாடியோடு இருபது நிமிடம் அணிந்து பாருங்கள். பின்னர் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லையும், வாரண்டி இந்தியாவில் செல்லும் என்பதையும், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையையும் எழுத்தில் பெறுங்கள். "கண்ணாடி வேண்டாம்" என்று சொல்பவரிடம் அதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னபடி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.